பலகையில் எங்கட நிறம்

போரை விளையாடுவது பாவமா என்று எமது ஊர்களில் யாரிடமேனும் கேட்டால், பேச்சு பெரும்பாலும் தாயக்கட்டையில் போய் நின்றுவிடும். தாயம் உருட்டுவது கூடாது. காசு வைத்தால் சூது. தொழுகை நேரம் தவறினால் அதுவும் குற்றம். இவ்வளவோடு மஸ்அலா முடிந்துவிடும். பலகையின் மேல் என்ன நடக்கிறது என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கி இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆக வந்து சேர்ந்தது. உலமாக்கள் அதுபற்றிக் கருத்து வேறுபட்டார்கள். பலர் ஹராம் என்றனர். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் அவர்கள் (வபாத் கி.பி. 820), பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் இருந்தால் மக்ரூஹ் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். தாயம் உருட்டி ஆடும் 'நர்த்' விடயத்தில் மட்டும் ஹதீஸின் கண்டனம் கடுமையானது. பின்வந்த ஷாபிஈ அறிஞர்கள் இரண்டையும் வேறுபடுத்தியபோது, ஒன்று சிந்தனையைச் சார்ந்தது, மற்றது அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்று காரணம் சொன்னார்கள். சதுரங்கம் போர்த்தந்திரத்துக்குப் பயிற்சி என்று அதன் பக்கம் நின்று பேசியவர்களும் இருந்தார்கள்.

பத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. தாயக்கட்டை உள்ள விளையாட்டை ஆடலாமா என்பதை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு நாட்டின் மேல் படை கொண்டு போவதை நாலு பேர் கூடியிருந்து சிரித்து மகிழ்ந்து ஆடும்போது, ஆடுகிறவனின் மனதுக்கு என்ன நேர்கிறது? அதிலும், படையெடுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஒவ்வோர் இனமும் தன் பழைய காயத்தைத் தடவிப் பார்க்கும் இந்த நாட்டில்?

இந்த வினா என்னிடம் வந்தது ஒரு பெட்டியின் வடிவில். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் என் தங்கையின் மகனுக்கு லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்தது அது. பெயர் 'பிரிட்டானியா'. எங்கள் பகுதியில் பலகை விளையாட்டு என்றால் கெரம், வயதானவர்களுக்கு தாம். இப்படியொன்றை அங்கு எவரும் கண்டதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாலு பையன்களுக்கு அது பெருநாள் போல் ஆயிற்று. கெத்தாராம மைதானத்தில் மின்னொளி ஆட்டம் நடக்கும் இரவுகளில்கூட அவர்கள் பலகையை விட்டு எழும்பவில்லை. அந்த மைதானம் திறக்கப்பட்ட 1986ஆம் ஆண்டில்தான் பிரிட்டானியாவும் முதன்முதல் இங்கிலாந்தில் வெளியானது. இதில் பொருள் எதுவுமில்லை, சொல்லத் தோன்றியது.

விளையாட்டை வடிவமைத்தவர் லூயிஸ் புல்சிஃபர் என்ற அமெரிக்கர், வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பலகையில் பிரித்தானியத் தீவின் படம். காலம், கி.பி. 43இல் ரோமர் படை வந்திறங்கியது தொடக்கம் 1066இல் நோர்மானியர் வந்து நிலைகொண்டது வரை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். ரோமர், வேல்சியர், பிக்டுகள், ஆங்கிள்கள், சக்சன்கள், டேனியர், நோர்மானியர் என 17 இனங்கள். ஆடுகிறவர்களோ நான்கு பேர்தான். கணக்கும் பெரிய கணக்கல்ல. நிலம் வைத்திருந்தால் சனத்தொகை பெருகும். பெருகினால் புதிய படை ஒன்று கிடைக்கும். மோதினால் தாயம் உருட்ட வேண்டும். பொதுவாக ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரியின் காய் ஒன்று போகும். இதுபோன்ற விளையாட்டை முன்பு தொட்டே இராதவனும் ஒருமுறை ஆடிப் பார்த்தால் பிடித்துக்கொள்வான். ஆடி முடிக்க மட்டும் நாலைந்து மணித்தியாலம் செல்லும்.

முதலில் எனக்கு இதில் ஒவ்வாமைதான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விடயம் என்னை நிறுத்தியது. 17 இனத்தை நான்கு பேர் பகிர்வதால் ஒருவன் கையில் பல இனங்கள் வருகின்றன. நீல நிறக்காரனை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்கும்போது அவன் தெற்கில் வாழும் பெல்கே மக்கள். ரோமர் வந்து அவனை மிதிக்கிறார்கள். பூடிக்கா அரசியின் தலைமையில் கிளர்ந்து பார்க்கிறான், பெரும்பாலும் அழிகிறான். சில முறை கழிய, கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஆங்கிள்களும் அவனே. இப்போது இன்னொருவனின் நிலத்தை அவன் பறிக்கிறான். ஆட்டம் முடியும் தறுவாயில் வில்லியமின் நோர்மானியரும் அவன்தான். காலையில் ஊரை இழந்து புலம்பிய அதே பையன், அஸருக்குப் பிறகு கப்பலில் வந்து இறங்குகிறான். 1066 வரும்போது நான்கு நிறத்துக்கும் முடியைக் கேட்கும் அரசன் ஒருவன் இருக்கிறான். வந்தவன் யார், இருந்தவன் யார் என்ற பேச்சுக்கே அப்போது பலகையில் இடமில்லாமல் போகிறது.

வெற்றி என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ரோமருக்குப் புள்ளி, பரவிச் செல்வதில். வேல்சியருக்கோ தம் மலைநாட்டை விடாமல் பிடித்திருந்தாலே புள்ளி. ரோமர் ஐந்தாம் முறையில் காய்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் சேர்த்த புள்ளி மட்டும் தாளில் நிற்கும்.

இந்த அமைப்பில் ஒரு நீதி இருப்பதாக நான் நினைக்கிறேன். ரிஸ்க் போன்ற விளையாட்டில் இது இல்லை. ('சிவப்புப் பலூன்' என்ற அருமையான சிறுவர் படத்தை எடுத்த அல்பேர் லமொரிஸ்தான் 1957இல் ரிஸ்கின் மூல வடிவத்தை வெளியிட்டவர், மனிதர் எப்படிப்பட்ட கலவை பாருங்கள்.) அங்கே உன் நிறம் உலகத்தையே பிடிக்கும் வரை அது உன் நிறம்தான். இங்கோ ஒரே கதிரையில் இருந்தபடி நீ இழந்தவனாகவும் பறித்தவனாகவும் ஆகிறாய்.

வீட்டுக்கு வெளியே, வரலாற்றுப் பாடத்திலும் மேடையிலும், நாம் இப்படி ஆடுவதில்லை. ஒரு தசாப்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1017இல் முதலாம் இராசேந்திர சோழனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்றது. 1029இல் அம்மன்னன் சோழநாட்டில் சிறையிலேயே இறந்தான். 1025ஐ ஒட்டி அதே இராசேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிக் கடாரத்தைச் சூறையாடியது. ஏறக்குறைய அதே மாதங்களில் கஜினி மஹ்மூத் சோமநாதத்தை நோக்கிப் போனார். மூன்றும் படையெடுப்பு. மூன்றிலும் ஊர் எரிந்தது, செல்வம் போனது. ஆயின் தமிழ்மேடையில் ஒன்று 'கடாரம் கொண்ட' பெருமை. சிங்களப் பாடநூலில் அதே கை ஆக்கிரமிப்பு. இந்தியாவின் ஒரு பக்கத்தில் மஹ்மூத் கொள்ளையர், எம்மவர் சிலரின் பழைய நூல்களில் அவர் சிலைகளை உடைத்த வீரர். செயல் ஒன்று, வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எம்மை நாமே பார்ப்பது இன்னும் கடினம். 1258இல் ஹுலாகு பக்தாதுக்குள் நுழைந்ததை நாம் படையெடுப்பு என்கிறோம், படுகொலை என்கிறோம், சரிதான். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்ததை 'பத்ஹ்' என்கிறோம். திறப்பு என்று அதற்குப் பொருள். நகரத்தின் உள்ளேயிருந்து பார்த்தவனுக்கு அது திறப்பாகத் தெரிந்திருக்குமா? 9ஆம் நூற்றாண்டில் அல்பலாதுரி எழுதிய பெருநூலின் பெயரே 'நாடுகளின் திறப்புகள்' என்று பொருள்படும். அந்தப் போர்களில் பல நியாயங்கள் இருந்தன என்று வாதாடலாம். வென்றவர்கள் பல இடங்களில் முன்னிருந்தவர்களை விட நீதியாக ஆண்டார்கள் என்பதற்கும் சான்று உண்டு. என் கவலை அந்தச் சொல்லைப் பற்றியது. பலகை முன் இருக்கும் பையனுக்கு அப்படி இரண்டு சொல் கிடைப்பதில்லை. ரோமர் வந்தாலும் டேனியர் வந்தாலும் சட்டப்புத்தகத்தில் ஒரே வினைச்சொல்தான்.

விளையாட்டு இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். என் மருமகனுக்கு ஓர் ஆசை பிறந்தது. 1994இல் இதே முறையில் இந்தியாவை வைத்து 'மகாராஜா' என்றொரு விளையாட்டு வெளிவந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், இலங்கைக்கும் ஒன்று செய்தால் என்ன என்று ஆரம்பித்துவிட்டான். பழைய கலண்டர் அட்டையின் பின்புறத்தில் தீவை வரைந்தான். ருஹுணை, மாயா, பிஹிட்டி என்று நிலம் பிரித்தான். பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்துப் படைகளைப் பட்டியலிட்டான். குதிரை வணிகரின் மக்களாக வந்த சேனனும் குத்திகனும், 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், துட்டகைமுனு, 993ஐ ஒட்டி இராசராசனின் சோழர், 1070இல் அவர்களை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, 1215இல் கலிங்க மாகன், 1247இல் மலாய்க் கரையிலிருந்து சந்திரபானு, பாண்டியர், 1505இல் போர்த்துக்கேயர். புல்சிஃபரின் தந்திரத்தை அவன் நன்றாகவே பிடித்துக்கொண்டான். அநுராதபுர மன்னர்களை வைத்திருப்பவனிடம்தான் பின்னர் போர்த்துக்கேயரும் போவார்கள். துரத்தப்பட்டவன் துரத்துகிறவன் ஆகட்டும் என்றான்.

பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டான்: "மாமா, எல்லாருக்கும் நிறம் குடுத்திட்டேன். எங்கட ஆக்கள் எந்த முறையில வாறது? எங்கட நிறம் எது?"

நாம் படையோடு வரவில்லை மகன், வியாபாரத்துக்கு வந்தோம் என்றேன். அவன் முகம் சுருங்கியது. படையில்லாவிட்டால் காயில்லை, காயில்லாவிட்டால் ஆட்டத்தில் இல்லை. அது அவனுக்கு அவமானமாகப் பட்டது. அதன்பின் இரண்டு கிழமை அவன் படை தேடினான். செங் ஹே என்ற சீனத் தளபதி ஒரு முஸ்லிம் என்று எங்கோ வாசித்துவிட்டு ஓடிவந்தான். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு அவர் காலியில் நாட்டிய கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகளைச் சொல்லும் கல். அதே செங் ஹேதான் 1411இல் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். அவர் மிங் பேரரசரின் ஆள், எமது படையல்ல என்றேன். அடுத்து இப்னு பதூதாவைக் கொண்டுவந்தான். 1344இல் கொழும்பைக் கண்ட அவர், அங்கே ஜாலஸ்தி என்ற கடல்துறைத் தலைவரிடம் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். "500 பேர் எண்டா ஒரு காய் வைக்கலாம்தானே?" துறைமுகத் தலைவர் ஒருவரின் காவலாளரை ஒரு சமூகத்தின் சேனையாக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பயத்துக்குக் காரணம் சொல்கிறேன். எங்கட நிறம் எது என்ற இதே கேள்விக்கு வேறு சிலர் வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு காலையில், தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் எமது பெயர்களைச் சுமந்தவர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் மாளிகாவத்தையிலிருந்து எவ்வளவு தூரம்? முச்சக்கரவண்டிக்குச் சில நிமிடம். உலகம் முழுவதையும் இரண்டு நிறமாக வரைந்து, ஒன்றுக்குக் கறுப்புக் கொடியைக் கொடுத்து, அதுதான் உன் இடம் என்று இளைஞனுக்குக் காட்டியவர்களின் வேலை அது. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்த தாய்மார் அந்தப் பலகையில் மனிதராகவே வரையப்பட்டிருக்கவில்லை. கலண்டர் அட்டையில் கீறிய விளையாட்டையும் இதையும் ஒப்பிடுவது மிகை என்று வாசகர் நினைக்கலாம். விளையாட்டுக்கு நான் பழி சொல்லவில்லை. தன் சனத்துக்கு வரலாற்றில் ஒரு சேனை இருந்தாக வேண்டும் என்று பதினாறு வயதில் எழும் அந்த ஏக்கத்தை, யார் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பதே என் பயம்.

எமது தொன்மைக்குச் சான்றாக நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு செய்தியை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். அதுவும் அல்பலாதுரியின் நூலில்தான் இருக்கிறது. மாணிக்கத் தீவின் அரசர், தம் நாட்டில் பிறந்த முஸ்லிம் பெண்கள் சிலரை ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலேற்றி அனுப்பினார். அப்பெண்களின் தந்தையர் இங்கே இறந்துபோன வணிகர்கள். தேபல் அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தனர். ஒரு பெண் ஹஜ்ஜாஜின் பெயர் சொல்லிக் கூவினாள். சிந்து மன்னர் தாஹிர், கொள்ளையர் என் கட்டுப்பாட்டில் இல்லை என்றார். முடிவில் 711இல் முஹம்மத் பின் காசிம் தலைமையில் படை போனது. மாணிக்கத் தீவு என்பது இலங்கை. 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நாம் இங்கு குடும்பமாக இருந்தோம் என்று இதை வைத்து மேடைகளில் பேசுகிறோம்.

பேசும்போது கதையின் மறுபாதியை விட்டுவிடுகிறோம். எம்மைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, ஒரு படையெடுப்புக்கான காரணமாகப் பதிவாகியிருக்கிறது. சிந்துப் போருக்கு இதுவே முழுக்காரணம் அல்ல. அந்தக் கரைக்கு அதற்கு முன்னரும் படைகள் போயிருக்கின்றன. ஆனாலும் பாருங்கள்: கூவிய பெண்ணின் கோத்திரத்தைக் குறித்த நூலாசிரியர் அவள் பெயரைக் குறிக்கவில்லை. அவளுடைய வாப்பா எந்தத் துறைமுகத்தில் என்ன விற்றார், அவள் உம்மா யார், எந்த மொழியில் அவளைத் தாலாட்டினாள், எதுவுமில்லை. அவள் கூவினாள், படை நகர்ந்தது. அதற்கு மேல் அவள் கதைக்குத் தேவைப்படவில்லை. ஆயுதமில்லாமல் வந்தவர்கள் வரலாற்றுப் பலகைக்குள் நுழைய அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். யாருடைய படையையோ நகர்த்துவதற்கான காரணமாக.

எண்ணிக்கையின் சங்கதி இன்னொன்று. துட்டகைமுனு எல்லாளனை வென்றபின் அமைதியின்றித் தவித்ததாக மகாவம்சம் சொல்கிறது. இத்தனை பேர் என்னால் மாண்டார்களே என்று அவன் கலங்க, எட்டு அரகத்துகள் வந்து, இறந்தவர்களில் மனிதராகக் கணக்கிடத் தக்கவர்கள் ஒன்றரைப் பேர்தான் என்று தேற்றினார்களாம். ஒருவன் சரணம் புகுந்தவன், மற்றவன் பஞ்சசீலம் ஏற்றவன். இந்த இடத்தைப் பலர் பலவிதமாகச் சாடியிருக்கிறார்கள். பௌத்த அறிஞர்கள் சிலரும் இதனோடு உடன்படாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, தேறுதலை விடத் தவிப்பு முக்கியமாகப் படுகிறது. அந்த நூல் விரும்பியிருந்தால் மன்னனைத் தூங்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மாண்ட எதிரிக்கு அவன் நினைவிடம் எழுப்பியதையும், அவ்விடத்தைக் கடப்போர் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டதையும் அதே நூல்தான் காத்துவைத்திருக்கிறது. வென்றவனுக்கு உறக்கம் வராத கதை எமது திறப்புகளின் நூல்களில் எத்தனை இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பலகையில் அந்தத் தவிப்புக்கு விதி கிடையாது. ஆறு விழுந்தால் காய் போகும். போன காயை எடுத்துப் பெட்டிக்குள் போடுவார்கள். ஒரு நிலத்தில் எதிரியின் கடைசிக் காய் போனதும் நிலம் 'வெறுமை' ஆகிவிடும். என் சொல் இல்லை, பையன்களின் சொல். "யாழ்ப்பாணம் வெறுமை, நீ போகலாம்" என்று ஒருவன் சொன்னபோது என் தங்கையின் அயல்வீட்டுப் பெண்மணி தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது யாழ் நகரிலிருந்து வந்தவர் அவர். ஏறத்தாழ 75,000 பேர். சில மணித்தியால அவகாசம். கையில் சில நூறு ரூபாய். அவர் எதுவும் பேசவில்லை. பையன்களுக்கும் தெரியாது. நிலம் வெறுமையாகிறது என்ற சொல் அந்தக் கூடத்தில் இருவிதமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

இதற்காகப் பலகையைப் பறித்து வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பொம்மைப் போருக்கு விதி எழுதி 1913இல் 'சின்னப் போர்கள்' என்ற நூலை வெளியிட்ட எச்.ஜி. வெல்ஸ், பொம்மைகளோடு நின்றுகொள்ளுங்கள், நிசப் போர் எவ்வளவு மடமை என்பது இதிலேயே விளங்கும் என்ற கருத்தோடுதான் நூலை முடித்தார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆக, விளையாட்டு எவரையும் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பிரஷ்யப் படை 1820களில் அதிகாரிகளுக்குப் போர் விளையாட்டைப் பயிற்றுவித்ததற்கும், நாலு பையன்கள் தொடர்மாடியில் இருந்து ஆடுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. அங்கே நிறம் மாறுவதில்லை. இங்கே மாறுகிறது. அது சிறிய காரியமல்ல. தன் எதிரியின் கதிரையில் ஒருமுறையேனும் இருந்து பார்க்க எமது பாடசாலைகள் எவனுக்கு இடம் கொடுத்தன?

பறிப்பதற்குப் பதிலாக மருமகனோடு இருந்து பேசினேன். நமக்கு நிறம் வேண்டாம் என்று அவனை ஏற்கச் செய்ய நாள் எடுத்தது. கடைசியில் வழி கண்டவன் அவனே. உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளைப் பொத்தான்களை எடுத்து வந்தான். மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி, திருகோணமலை என்று துறைமுகங்களில் வைத்தான். இவை யாருக்கும் சொந்தமில்லை, தாயம் உருட்டாது, பொத்தான் உள்ள துறைமுகத்தை எந்த நிறம் வைத்திருந்தாலும் அதற்கு மேலதிகமாக ஒரு புள்ளி. வணிகர் இருக்குமிடத்தில் வரி இருக்கும் அல்லவா, அதுதான் கணக்கு. 1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதையும் ஒரு விதியாக எழுதிச் சேர்த்தான்.

ஒரேயொரு விதியில் இழுபறி. துறைமுகத்தை வைத்திருப்பவன் பொத்தானை வெளியே எடுக்கலாமா? எடுப்பதற்கு விலை ஒன்றுமில்லை என்றால், அடுத்தவனுக்குப் புள்ளி போகக் கூடாது என்று ஒவ்வொருவனும் தோற்கும் முன் எடுத்துவிடுவான். விலை வைத்தால், விலைக்குப் பயந்து மட்டும் விட்டுவைப்பான். எடுக்கவே கூடாது என்று விதி எழுது என்றேன் நான். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலாதெண்டு சட்டம் போட்டா, அப்பிடியொண்டு நடக்கவே இல்லெண்டு சொன்ன மாதிரி ஆகும் மாமா" என்றான்.

சட்டத்தாளில் அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஆடியபோது பச்சை நிறக்காரன் மன்னாரிலிருந்து மூன்று பொத்தான்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றை எங்கே போடுவது என்று கேட்டான். பெட்டிக்குள் போட வேண்டாம், புத்தளத்தில் இடம் இருக்கிறது என்றான் மற்றவன்.